ஏத்தம்: மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

அப்பா டி.வி.எஸ். 50 வாங்கியது 1996இல். பழைய வண்டி, இரண்டாவது கையோ மூன்றாவது கையோ. பெடலை மிதித்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பெட்ரோல் தீர்ந்துவிட்டால் அதே பெடலை மிதித்து சைக்கிள் மாதிரி ஓட்டிக்கொண்டும் வரலாம். அப்பா கொத்தனார். கரணையும் மட்டப்பலகையும் கிடக்கும் சாக்கைப் பின்னால் கட்டி, முன்னால் என்னை நிற்கவைத்து, அம்மா பிறந்த ஊருக்குக் கூட்டிப்போவார். அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். ஊர் எல்லையில் ஒரு புளியமரம் உண்டு. அங்கே வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவார், என்னையும் இறக்கிவிடுவார். மரத்திலிருந்து பிள்ளையார் கோயில் முடிகிற இடம்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். கோயில் தாண்டியதும் மறுபடி ஏறி ஒரு மிதி.

‘ஏம்ப்பா எறங்குறோம்?’ என்று ஒருமுறை கேட்டேன்.

‘ஏத்தம்டா தம்பி. வண்டி இழுக்காது.’

திரும்பி வரும்போதும் அதே கோயிலிலிருந்து அதே புளியமரம்வரை தள்ளினார். வரும்போதும் ஏத்தம். போகும்போது ஏத்தமாக இருக்கும் தெரு வரும்போது இறக்கமாகத்தானே இருக்க வேண்டும் என்கிற கணக்கு எனக்குப் புரிய நாலைந்து வருஷம் ஆயிற்று. அந்தத் தெருவை நான் பிறகு பலமுறை பார்த்திருக்கிறேன். கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும், அவ்வளவு சமதரை.

மோட்டார் சைக்கிளின் சரித்திரம் என்றால் ஜெர்மனியில் தொடங்குவது வழக்கம். 1885இல் டைம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிய வண்டி; 1894இல் விற்பனைக்கு வந்த ஹில்டபிராண்ட்-வுல்ஃப்முல்லர்; பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான். பொறியாளர்களின் அந்தப் பெருங்கதையாடலில் எஞ்சின் உண்டு, சக்கரம் உண்டு, தெரு மட்டும் இல்லை. எஞ்சினை எங்கே அணைக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த சரித்திரம் அந்தப் புளியமரத்தில் தொடங்குகிறது.

2

புளியமரத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் தமது ‘இந்தியாவில் சாதி’ நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி கூடாது. சட்டை, பனியன் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. எட்டாவது தடை இது: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது.

குடையும் செருப்பும் ஒரே வரியில் வருவது கவனிக்கத்தக்கது. குடை உடலை மேலிருந்து ஓரடி உயர்த்துகிறது, செருப்பு கீழிருந்து ஒரு விரற்கடை உயர்த்துகிறது. உடலின் உயரம் பற்றிய சட்டம் அது. தெருவில் யாருடைய தலை எந்த மட்டத்தில் போக வேண்டும் என்பதே அதன் விஷயம். சைக்கிள் வந்தபோது அதன் சீட்டும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. ஊர்த்தெருவில் இறங்கித் தள்ளு என்றார்கள். மோட்டார் வண்டி வந்தபோது உயரத்தோடு இன்னொன்றும் சேர்ந்தது: சத்தம். வண்டியின் சத்தம் வருகிறவன் முகம் தெரிவதற்கு முன்பே வந்துவிடுகிறது, திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்கவைக்கிறது. அப்பா இறங்கினால் மட்டும் போதாது, எஞ்சினையும் அணைக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுதான்.

சிலர் கேட்கலாம்: மாட்டு வண்டி போய் சைக்கிள் வந்தது, சைக்கிள் போய் பைக் வந்தது, இதிலென்ன சாதி? இந்த வரிசை நிலம் வைத்திருந்தவரின் வரிசை. மாடும் வண்டியும் அவரிடம் இருந்தன. கூலிக்காரர் வண்டிக்குப் பின்னால் நடந்தார். பேச்சுத்தமிழ் மாட்டு வண்டியின் பெயரையே மோட்டார் சைக்கிளுக்கும் கொடுத்துவிட்டது. ‘வண்டி எங்க நிக்குது?’ என்றால் இன்று பைக்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் ‘நம்ம வண்டி’ என்று சொல்ல முடிந்த முதல் வண்டியே அந்த டி.வி.எஸ். 50. எங்கள் வரிசையில் அதற்கு முன்னால் இருந்தது கால்.

3

சென்னையில் மோட்டார் சைக்கிள் பிறந்த கதை அரசின் கதை. 1950களில் எல்லைக் காவலுக்கும் போலீஸுக்கும் வண்டி வேண்டுமென்று இந்திய அரசு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, பிறகு அச்சுகளே வந்துவிட்டன, 1960களில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. 1970ஐ ஒட்டி இங்கிலாந்துத் தாய்க்கம்பெனி மூடப்பட்டது, திருவொற்றியூர் மூடப்படவில்லை. காலனியம் விட்டுப்போன ஒரு சாமான், அதைச் செய்தவர்கள் செத்த பிறகும் இங்கே உயிரோடிருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொரு 1955ஐயும் சொல்ல வேண்டும். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அந்த ஆண்டு ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பொதுப்பாதையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றமென்று அது சொன்னது. ஒரே ஆண்டில் தெருவுக்கு ஒரு வண்டியும் வந்தது, ஒரு சட்டமும் வந்தது. வண்டி உடனே ஓடியது.

‘என்ஃபீல்டு’ என்பது துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர். கம்பெனியின் சின்னத்தில் பீரங்கி. வண்டியின் பெயர் தோட்டா. ஆக, அதிகாரம் என்பது இந்த வண்டியின்மீது நாம் ஏற்றிச் சொல்லும் பொருள் அல்ல, பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் புல்லட் என்றால் சப்-இன்ஸ்பெக்டர், பெரிய பண்ணை, ரைஸ்மில் முதலாளி, காண்டிராக்டர். அதன் ‘டப் டப்’ சத்தத்துக்கு ஒரு எளிய இயந்திரக் காரணம் உண்டு. 346 சி.சி.யும் ஒரே சிலிண்டரில். 70 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 90 மி.மீ. தூரம் மேலும் கீழும் ஓடுகிறது, கூடவே கனமான ஃப்ளைவீல். ஆகவே எஞ்சின் நிதானமாகச் சுற்றுகிறது, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. ஆனால் அந்த நிதானத்தைக் கேட்டவர்கள் அதை இயந்திரமாகக் கேட்கவில்லை. ‘ஐயா வர்றாரு’ என்றுதான் கேட்டார்கள்.

பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு. கிக்கரை மெல்ல அமுக்கி, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, லீவரை விட்டு, முழு எடையையும் போட்டு ஒரே உதை. முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போனவர்கள் உண்டு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில், மற்ற வண்டிகளுக்கு நேர் எதிர். இந்த அறிவைப் புத்தகம் பார்த்துக் கற்க முடியாது. வண்டி வைத்திருப்பவர் கற்றுத்தர வேண்டும், கற்றுத்தர அவருக்கு மனசு வர வேண்டும். குருகுலம் போலத்தான் இதுவும்: யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்பதை வித்தையே தீர்மானித்துக்கொண்டது. 1994இல் ஐஷர் நிறுவனத்திடம் போன பிறகு, 2008-09ஐ ஒட்டி வந்த புதிய எஞ்சினோடு பட்டன் ஸ்டார்ட் பரவியது, கியர் இடது காலுக்கு மாறியது. புல்லட் பிரியர்கள் பலர் ‘அசல் போச்சு’ என்று புலம்பினார்கள். அவர்களுடைய துக்கத்தில் பாதி இயந்திரம் பற்றியது. மீதி, இனி யார் வேண்டுமானாலும் ஸ்டார்ட் பண்ணலாம் என்பது பற்றியது.

4

மாற்றம் புல்லட்டிலிருந்து வரவில்லை, ஓசூரிலிருந்து வந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது அதை யாரும் புரட்சி என்று சொல்லியிருக்கமாட்டார்கள். கியர் இல்லை, கிளட்ச் லீவர் இல்லை, கெத்து சுத்தமாக இல்லை. இரண்டு பேர் உட்காரலாம் என்பதே அதன் விளம்பரம். ஆனால் பால்கேன், புல்லுக்கட்டு, சிமெண்டு மூட்டை, ஆட்டுக்குட்டி, மீன்கூடை, ஐஸ்பெட்டி எல்லாம் அதில் ஏறின. வேலை தேடிப் போகும் தூரம் நடையின் தூரத்திலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டராக விரிந்தது. உள்ளூர்ப் பண்ணையில் கூலி குறைவு என்றால் அடுத்த ஊருக்குப் போகலாம் என்றானது. கூலிக்காரரின் பேரம் பேசும் வலிமைக்கும் இந்தச் சின்ன எஞ்சினுக்கும் உள்ள உறவை நமது பொருளாதார ஆய்வாளர்கள் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

பிறகு ஜப்பான் வந்தது. உரிமம், ஒதுக்கீடு என்றிருந்த காலத்தில் ஸ்கூட்டருக்கு எழுதிவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 1980களில் வெளிநாட்டுக் கூட்டுக்கு அரசு கதவைத் திறந்தது. 1984இல் ஓசூரில் இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100, அடுத்து கவாசாகி பஜாஜ். எல்லாமே நூறு சி.சி. இவற்றில் இரண்டு வகை. ஆர்.எக்ஸ். 100 டூ-ஸ்ட்ரோக்: கிராங்க் ஒருமுறை சுற்றினால் ஒரு வெடிப்பு, ஆகவே 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன், சீறும் சத்தம், பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயிலின் புகை. சி.டி. 100 ஃபோர்-ஸ்ட்ரோக்: இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, வேகம் குறைவு, மைலேஜ் அதிகம், புகை இல்லை. 1990களிலும் 2000த்திலும் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபோது டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996இல் நின்றது. இன்றும் எங்கள் பக்கத்துப் பையன்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை 1997இல் உற்பத்தியைத் தொடங்கியது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி இது. அந்தக் கடலில் செத்த உயிர்களின் ஓடுகள்தான் இன்று சுண்ணாம்புக்கல்; ஏர் ஓட்டும்போது கல்லாய்ப்போன சங்கு கிடைக்கும். அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் ஆலைகள் பெருகிய காலத்தில்தான் பைக்குகளும் பெருகின. காண்டிராக்ட் கூலிக்குத் தவணையில் ஒரு ஸ்பிளெண்டர், நிலம் விற்ற பணத்தில் ஒரு புல்லட். நிலம் கைமாறிய வீட்டு வாசலில் புது வண்டி மாலையோடு நிற்கும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்குவார்கள். மூன்று வருஷத்தில் வண்டி பாதி விலைக்குப் போகும். நிலம் திரும்பி வராது. வண்டி விடுதலை என்று எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

5

நான் கியர் வண்டி கற்றது எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். அவர் கற்றுத்தந்தவற்றைக் கோட்பாட்டு மொழிக்கு மாற்ற நான் முயலவில்லை, அப்படியே தருகிறேன்.

‘கிளட்ச மெதுவா விடு. ஒரு எடத்துல வண்டி லேசா குனியும். அந்த எடத்துல கைய நிறுத்து, அப்பறம் ஆக்சிலேட்டர்.’ எஞ்சினின் சுழற்சியும் சக்கரத்தின் நிலையும் ஒன்றையொன்று பற்றுகிற இடம் அது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, உள்ளங்கைக்குத்தான் தெரியும்.

‘எங்க பாக்குறியோ அங்கதான் வண்டி போகும். பள்ளத்தப் பாத்தீன்னா பள்ளத்துலதான் எறங்குவ.’ வளைவில் கண் வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப, இடது ஹேண்டிலை லேசாக முன்னால் தள்ள வேண்டும். வண்டி இடது பக்கம் சாய்ந்து திரும்பும். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஓட்டுகிற எல்லாரும் செய்வது இதைத்தான்.

‘முன் பிரேக்க பாத்து பயப்படாத, மதி.’ நிறுத்தும்போது பாரம் முன்சக்கரத்துக்கு வருகிறது, ஆகவே நிற்கவைக்கும் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான். ஆனால் மணலிலும் லாரியிலிருந்து சிந்திய ஜல்லியிலும் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் வண்டி வழுக்கிவிடும். எங்கள் ரோட்டில் இந்த இரண்டு பாடமும் ஒரே நாளில் தேவைப்படும்.

‘டிப்பருக்கு எடப்பக்கம் போகவே போகாத. டிரைவருக்கு நீ இல்ல.’ கடைசி வாக்கியத்தை நான் மறந்ததில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் பாதையில் பைக் ஓட்டுவது என்பது, நீ இல்லை என்று நினைக்கும் ஒரு பெரிய உருவத்தின் பக்கத்தில் உயிரோடிருப்பது. 2015 ஜூலை 1 முதல் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் கறாராகத் தொடங்கியபோது அதைக் கேலி செய்து நிறையப் பேசினோம். எங்கள் ரோட்டில் எழவு விழுந்த வீட்டில் யாரும் அந்தக் கேலியைச் சொன்னதில்லை.

இந்த மெக்கானிக் அண்ணன்களுக்கு இலக்கியத்தில் இடமில்லை. அமெரிக்காவில் ராபர்ட் பிர்சிக் 1974இல் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையே தத்துவமாக்கி ஒரு நாவல் எழுதினார். சொந்த வண்டியைத் தானே பழுது பார்க்கிறவனின் தத்துவம் அது. இங்கே ஓட்டுகிறவர் ஒருவர், கையில் கிரீஸ் பட்டுக்கொள்கிறவர் இன்னொருவர். அறிவும் அழுக்கும் பிரிந்தே கிடக்கின்றன.

6

புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் சே குவேரா ஸ்டிக்கர் ஒட்டாத ஊர் இல்லை. நமது தோழர்களுக்கும் அந்தப் பிம்பம் பிடிக்கும்: காற்றில் பறக்கும் தலைமுடி, கண்டம் கடக்கும் வண்டி. ஆனால் நடந்தது என்ன? 1952 ஜனவரியில் எர்னெஸ்டோவும் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் அர்ஜெண்டினாவை விட்டுக் கிளம்பிய நார்ட்டன் 500, சிலியிலேயே செத்துப்போனது. சந்தியாகோவில் அதைப் போட்டுவிட்டு லாரி, கப்பல், நடை என்றுதான் மிச்சப் பயணம். சுகிகமாதா செப்புச் சுரங்கத்தையும் வேலை தேடிப்போன கம்யூனிஸ்ட் தம்பதியரையும் அவர் கண்டது வண்டி போன பிறகு. இளம் மருத்துவ மாணவரைச் சுரங்கத் தொழிலாளியின் பக்கத்தில் உட்காரவைத்தது மோட்டார் சைக்கிள் அல்ல, அது இல்லாமல் போனது.

இதைச் சொல்லி ‘ஆகவே தோழர்களே, இறங்கி நடப்போம்’ என்று முடித்துவிடலாம். முடியாது. சே தானாக இறங்கவில்லை, வண்டி நின்றுபோனது. வேறொரு வண்டியில் ஏற அவருக்கு எந்தத் தெருவிலும் தடையில்லை. வசதியுள்ளவன் கால்நடையாகப் போவதை எளிமை என்கிறோம், பாதயாத்திரை என்கிறோம். அப்பாவை நடக்கவைத்ததற்கு என்ன பெயர்? இறங்குவது அறமாக இருக்க வேண்டுமானால் முதலில் ஏறுவதற்கு உரிமை இருக்க வேண்டும்.

பெண்கள் விஷயத்திலும் இதுதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத்தந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறினார்கள். ஆண்கள் சைக்கிளையே கேட்டுவாங்கியவர்களும் உண்டு, முன் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. இடுப்பு எலும்பைப் பற்றியும் கற்பைப் பற்றியும் அப்போது ஆண்கள் சொன்ன கவலைகளைத் தொகுத்தால் தனிக்கட்டுரை வரும். பிறகு ஸ்கூட்டி வந்தது, பட்டன் ஸ்டார்ட் வந்தது. 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வண்டியின் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியமாகத் தரும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. என் அக்கா எந்த மானியமும் இல்லாமல் தவணையில் வாங்கினாள். அவள் ஓட்டும்போது அம்மா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு வருஷம் கழித்துக் கண்ணைத் திறந்தாள், ‘கொஞ்சம் வேகமாத்தான் போயேன்டி’ என்றாள்.

7

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதை, திருமண ஊர்வலம் போவதை, அதில் குதிரையிலோ வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை.

அந்தப் பிரிவை முதன்முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1930இன் எட்டாவது தடையில் இருந்த அதே செருப்பு, பக்கத்தில் குடைக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள். எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பாராளுமன்றம் இதை எழுத வேண்டியிருந்தது. ஒரு சட்டம் எதையெல்லாம் பெயர் சொல்லித் தடுக்கிறதோ அதெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எங்கள் புளியமரத்துக்கு வரலாற்று ஆவணம் உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்தச் சட்டப்பிரிவைக் காட்டுவேன்.

சாட்சி அதோடு நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டி வந்த தலித் கல்லூரி மாணவர் ஒருவர் கைகளில் வெட்டப்பட்டார். இந்தச் சாதியில் பிறந்தவன் புல்லட் ஓட்டுவதா என்று கேட்டே வெட்டினார்கள் என்பது புகார். மூன்று பேர் கைதானார்கள். வெட்டு விழுந்த இடம் தற்செயலா? ஹேண்டிலைப் பிடிப்பது கை. கிளட்ச் பற்றும் இடம் தெரிவது உள்ளங்கைக்கு.

நான் இப்போது ஓட்டுவது பழைய ஸ்பிளெண்டர். போன பொங்கலுக்கு அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து அம்மா ஊருக்குப் போனேன். புளியமரம் இன்னும் இருக்கிறது. மரத்துக்கு நெருங்கியதும் அப்பாவின் கை என் தோளைத் தொட்டது. நான் எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டாவது கியரில் தெருவைக் கடந்தேன். திண்ணையிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் பேப்பருக்குத் திரும்பிக்கொண்டார், மற்றவர் கோயில்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கோயில் தாண்டியதும் கேட்டேன்.

‘ஏத்தம்னு சொன்னியேப்பா?’

‘அப்ப ஏத்தமாத்தான்டா இருந்துச்சு’ என்றார்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வாசிக்கும் நண்பர்கள் தத்தம் ஊரில் வயதானவர்களிடம் இரண்டே கேள்விகள் கேட்க வேண்டும். உங்கள் தெருவிலிருந்து முதலில் வண்டி வாங்கியது யார்? அவர் எந்த இடத்தில் இறங்கித் தள்ளினார்? மரம், கோயில், டீக்கடை, கல்வெட்டு என்று பதில் வரும். இடத்தையும் வருஷத்தையும் எழுதிவையுங்கள். எந்த வருஷத்தில் இறங்காமல் போனார்கள், அன்று என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். இந்த ஏத்தங்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. தள்ளிக்கொண்டு நடந்தவர்கள் இருக்கும்போதே குறித்துவிட வேண்டும்.